ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் முட்டையில் வெள்ளிக் கண் வந்தாச்சு, பொரிய மட்டும் மாட்டேங்குது. என்ன காரணம்?

தெம்பனிஸ்தொட்டி

வணக்கம். விவரத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

தொட்டி 90×45×45 செ.மீ. வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது. சில்லர் 27.5 டிகிரி. உப்பு அடர்த்தி 1.025. அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10. ஒசெல்லாரிஸ் ஜோடி மட்டும்தான், அனிமோன் (இந்த மீன்கள் ஒண்டி வாழும் கடலுயிர்) கிடையாது. சாய்த்து வைத்த மண் பூச்சட்டியின் உள்பக்கம் முட்டை போடுகின்றன. முதல் நாள் ஆரஞ்சு, நாலாம் நாள் கருமை, ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு வெள்ளிப் புள்ளியாகக் கண். இதுவரை சரி. அதற்கப்புறம் எட்டு, ஒன்பது என்று நாள் போகிறது, ஒன்றும் வெளியே வரவில்லை. கடைசியில் ஆண் மீனே முட்டைகளைத் தின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் இதே கதிதான்.

பெரிய விளக்கு இரவு 11 மணிக்கு அணையும். பிறகு விடியும்வரை நீல நிலா விளக்கு மட்டும்.

ஆண் இளசு. அதனால் முட்டை சரியாகக் கருவுறவில்லையா?

பவளத்திட்டு

கருவுறுவதில் குறை எதுவும் இல்லை. கருவுறாத முட்டை ஓரிரு நாளிலேயே வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அதை ஆணே பொறுக்கித் தின்று அப்புறப்படுத்தும். வெள்ளிக் கண் தெரிகிறது என்றால் உள்ளே குஞ்சு முழுசாக வளர்ந்துவிட்டது, வெளியே வருவதற்கான அறிகுறிக்குத்தான் காத்திருக்கிறது. அந்த அறிகுறி இருட்டு. உங்கள் தொட்டியில் இருட்டே வரவில்லை.

ஆம்ஃபிபிரியான் இன மீன்கள், அதாவது கோமாளி மீன்கள், எல்லாமே பொழுது சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பொரிப்பவை. பொரித்த குஞ்சு 3, 4 மில்லிமீட்டர்தான், உடம்பு கண்ணாடி மாதிரி. பகலில் வெளியே வந்தால் பவளத்திட்டின் மேலே மிதவை உயிர்களைக் கொத்தித் தின்னும் மீன்கூட்டத்தின் வாயில் நேராகப் போய் விழும். இருட்டில் வந்தால் அலையோடு வெளிக்கடலுக்குத் தப்பிவிடலாம். பல லட்சம் ஆண்டாகப் பதிந்துபோன பழக்கம் இது, விளக்கை மங்கலாக்கி ஏமாற்ற முடியாது.

செய்ய வேண்டியது: நிலா விளக்கைக் கழற்றி வையுங்கள். பெரிய விளக்கு தினமும் ஒரே நேரத்தில் அணையட்டும், இரவு 8 மணி வசதி. தாழ்வார விளக்கு விழும் பக்கத்தையும் டிவி இருக்கும் பக்கத்தையும் கறுப்பு அட்டையால் மூடுங்கள். முழுத் தொட்டியையும் மூட வேண்டுமென்று இல்லை, பூச்சட்டி இருக்கும் மூலை கும்மிருட்டாக இருந்தால் போதும்.

எவ்வளவு இருட்டு என்று கேட்டால், எளிய சோதனை ஒன்று உண்டு. விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் அறையில் உட்காருங்கள், கண் பழகட்டும். பிறகு தொட்டி ஓரத்தில் செய்தித்தாளைப் பிடித்தால் தலைப்பு எழுத்து தெரியக் கூடாது. கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலிகள் இவ்வளவு குறைந்த ஒளியைச் சரியாகக் காட்டாது, அதை நம்ப வேண்டாம்.

கல்லுப்பு

நிலா விளக்கு போட்டுக்கொண்டே குஞ்சு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கடலில் மட்டும் நிலா இல்லையா? வெப்பம் குறைவோ என்று தோன்றுகிறது. 27.5 என்பது கொஞ்சம் கம்மி.

அலையாத்தி

கல்லுப்பு அண்ணே, வெப்பம் குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஏழாம் நாளே கண் வெள்ளியாகிவிட்டதால் வெப்பம் காரணமில்லை.

நிலாவுக்கும் எல்இடிக்கும் அளவில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். வானம் தெளிவாக இருக்கும் பௌர்ணமியன்றுகூடத் தரையில் விழும் ஒளி 0.3 லக்ஸை (ஒளியை அளக்கும் அலகு) தாண்டாது. அதுவும் தண்ணீருக்குள் இறங்கும்போது குறையும், அனிமோனின் அடிப்பக்கம் பாறை நிழலில் இருக்கும் முட்டைக்கு இன்னும் குறையும். கடையில் 'மூன்லைட்' என்று விற்கும் நீல எல்இடி அதைவிடப் பல மடங்கு பிரகாசம். சிலருக்கு அதைப் போட்டும் பொரிக்கிறது என்றால் அங்கே முட்டை பாறைக்குப் பின்னாலோ சட்டியின் ஆழத்திலோ இருக்கும்.

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2019இல் ஆஸ்திரேலியாவில் எமிலி ஃபோபர்ட் குழு இதே ஒசெல்லாரிஸ் ஜோடிகளை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதிக்கு இரவில் சுமார் 26 லக்ஸ் எல்இடி வெளிச்சம், மற்றதற்கு இருட்டு. இரு பக்கமும் முட்டை போட்டன, இரு பக்கமும் கரு வளர்ந்தது. இரவு வெளிச்சம் இருந்த பக்கம் ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை. தெம்பனிஸ்தொட்டி விவரித்திருப்பது அப்படியே அந்த ஆய்வின் முடிவுதான்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில், 2021இல் வெளிவந்த ஆய்வு. கடலிலேயே அனிமோனுக்கு மேல் இரவு விளக்கு பொருத்திப் பார்த்தார்கள். வேறு கோமாளி இனம், ஆம்ஃபிபிரியான் கிரைசாப்டரஸ். விளக்குக்குக் கீழே வளர்ந்த இளம் மீன்களில் இறப்பு 36 விழுக்காடு கூடுதல், வளர்ச்சி 44 விழுக்காடு குறைவு. ஆகவே முட்டை பொரித்த பிறகும் இருட்டு தேவைப்படுகிறது.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது வெறும் தொட்டி விஷயம் இல்லை. தென்தீவுகளில் ஒசெல்லாரிஸும் தக்காளிக் கோமாளியும் இயல்பாகவே வாழ்கின்றன. சுற்றிலும் நங்கூரமிட்ட கப்பல்கள், புலாவ் புக்கோம் ஆலை விளக்குகள், எதிரே நகரம். கலங்கல் தண்ணீர் ஒளியை வடிகட்டிவிடுவது மூன்று, நான்கு மீட்டர் ஆழத்தில் இருப்பவற்றுக்கு ஒரு பாதுகாப்பு. வற்றுநீரில் வெளியே தெரியும் திட்டு மேட்டில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. புலாவ் ஹந்துவிலோ கூசுவிலோ இரவு வற்றுநீர் நடைக்குப் போகிறவர்கள் அனிமோனுக்கு மேலே கைவிளக்கை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு படம், உடனே விளக்கைத் திருப்பிவிடுங்கள்.

கல்லுப்பு

0.3 லக்ஸ் கணக்கு எனக்குப் போதும். ஒப்புக்கொள்கிறேன்.

தெம்பனிஸ்தொட்டி

நிலா விளக்கைக் கழற்றியாயிற்று, அட்டையும் போட்டாயிற்று. அடுத்த முட்டை எப்படியும் இரண்டு வாரத்துக்குள் வரும். பொரித்தால் வளர்ப்பது எப்படி? சட்டியை முன்கூட்டியே வெளியே எடுப்பதா, தொட்டியிலேயே பொரிக்கவிட்டுக் குஞ்சைப் பிடிப்பதா?

ரோட்டிஃபர்வாளி

இரண்டும் நடக்கும். புதிதாகச் செய்கிறவர்களுக்குத் தொட்டியிலேயே பொரிக்கவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. சட்டியை எடுத்துவிட்டால் ஆண் மீன் துடுப்பால் வீசிக் கொடுக்கும் நீரோட்டத்துக்குப் பதிலாகக் காற்றுக்கல் வைக்க வேண்டும். குமிழி கொஞ்சம் தவறினால் ஒரு பக்கத்து முட்டை மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அந்த வேலையை அப்பன் மீன் நம்மைவிட நன்றாகவே செய்கிறது.

அதற்கு முன்னால் முக்கியமான விஷயம். ரோட்டிஃபர் (குஞ்சுக்கு இரையாகும் நுண்ணுயிர்) வளர்க்கும் வாளி தயாராக இல்லாவிட்டால் இந்த முறை பொரிப்பதைப் பொரிக்க விடுங்கள், பிடிக்க வேண்டாம். முட்டையைப் பார்த்த பிறகு ரோட்டிஃபர் தேடிப் போகிறவர்களின் குஞ்சுகள் மூன்றாம் நாளுக்குள் பட்டினியால் சாகும். உறையவைத்த தீனியோ பொடியோ அவற்றுக்கு உணவே இல்லை. கண் முன்னே நெளிவதை மட்டும்தான் கொத்தும்.

கணக்கு இப்படி. குஞ்சுத் தொட்டியில் 25 லிட்டர் நீர். மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபர் இருக்க வேண்டும், அதாவது இரண்டரை லட்சம். நன்றாக ஓடும் வாளியில் மில்லிலிட்டருக்கு நூறு இருக்கும். ஒரு நாளைக்குக் கால்வாசிக்கு மேல் எடுத்தால் வாளி தளர்ந்துவிடும். ஆகவே 10 லிட்டர் வாளியில் அன்றாடம் இரண்டரை லிட்டர் எடுத்தால் சரியாக இரண்டரை லட்சம் வரும். இது இழுத்துப் பிடித்த கணக்கு, இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று திடீரென்று சரிந்தாலும் இன்னொன்று கை கொடுக்கும். எண்ணுவதற்கு நுண்ணோக்கி வேண்டாம். ஒரு மில்லி ஊசிக்குழாயில் நீரை இழுத்துப் பின்னால் கைவிளக்கைப் பிடித்தால் வெள்ளைத் துகளாக நகர்வது தெரியும். பத்தில் ஒரு பங்காக நீர் கலந்து எண்ணினால் கண் வலிக்காது.

ரோட்டிஃபருக்கு உணவு நானோகுளோராப்சிஸ் பாசி. வாளி நீர் எப்போதும் வெளிறிய பச்சையாக, பாண்டான் இலைச் சாறு கொஞ்சம் விட்ட தண்ணீர் நிறத்தில் இருக்க வேண்டும். பச்சை முழுசாக மறைந்து அரை நாள் போனால் ரோட்டிஃபர் முட்டை சுமப்பது நிற்கும், அடுத்த நாள் எண்ணிக்கை விழும். நம் ஊர் அறை வெப்பத்திலேயே நன்றாகப் பெருகும், ஹீட்டர் வேண்டாம். எடுக்கும்போது 53 மைக்ரான் வலையில் வடித்துச் சுத்தமான உப்புநீரில் அலசிவிட்டுத்தான் குஞ்சுக்குப் போட வேண்டும். வாளியின் அழுக்கு நீரை அப்படியே ஊற்றினால் அம்மோனியாவும் கூடவே போகும்.

பொரிக்கும் இரவு: விளக்கு அணைவதற்கு முன் நீரோட்ட மோட்டார், ஸ்கிம்மர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு மூலையில் மட்டும் சின்னக் கைவிளக்கைப் பிடியுங்கள். முட்டைக்கு இருட்டு வேண்டும், பொரித்த குஞ்சுக்கோ வெளிச்சத்தை நோக்கி நீந்தும் குணம். ஐந்து நிமிடத்தில் மூலையில் திரண்டுவிடும். வலை போட்டு அள்ளவே கூடாது, காற்றுப் பட்டால் அந்த உடம்பு தாங்காது. ஒரு குவளையை நீருக்குள் சாய்த்து, தண்ணீரோடு தண்ணீராக உள்ளே வழியவிட்டுத் தூக்குங்கள்.

குஞ்சுத் தொட்டிக்குப் பெற்றோர் தொட்டியின் நீரையே எடுங்கள். வெப்பமும் உப்பும் தானாக ஒத்துப்போகும். பக்கங்கள் மூன்றும் கறுப்பு. இது ஏதோ அழகுக்காகச் சொல்வதில்லை. பக்கவாட்டில் ஒளி பிரதிபலித்தால் குஞ்சு கண்ணாடியில் தலை முட்டிக்கொண்டே கிடக்கும், சாப்பிடாது. மேலே மங்கிய வெளிச்சம் 14 மணி நேரம், காற்றுக்குழாயில் நொடிக்கு ஒரு குமிழி. நீரில் கொஞ்சம் பாசி கலந்து பச்சை காட்டினால் ரோட்டிஃபரும் பட்டினி கிடக்காது, குஞ்சுக்கும் இரை எடுப்பாகத் தெரியும்.

தினமும் அடியில் படிந்ததைக் காற்றுக்குழாயால் உறிஞ்சி, 20 விழுக்காடு நீரைச் சொட்டுச் சொட்டாக மாற்றுங்கள். அம்மோனியா 0.25 தொட்டால் அன்றைக்கே இன்னொரு தடவை. 25 லிட்டர் நீர் மின்விசிறிக் காற்றில் வேகமாக வற்றும், உப்பு ஏறும். மூடி வையுங்கள், காலையும் மாலையும் உப்பை அளந்து நன்னீர் விடுங்கள்.

ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் குஞ்சை ஏழாம் நாளுக்கு முன் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். கொடுக்கத் தொடங்கினாலும் ரோட்டிஃபரை உடனே நிறுத்த வேண்டாம், சிறியவை பின்தங்கியிருக்கும். ஆர்ட்டீமியா பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நேரம் போகப் போக அதன் மஞ்சள் கரு கரைந்து சத்து போய்விடும், அளவும் பெரிதாகிவிடும். முட்டை ஓட்டைத் தனியே பிரித்துவிடுங்கள், விழுங்கிய ஓடு குஞ்சின் குடலை அடைக்கும்.

எட்டிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் உருமாற்றம். தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை மங்கலாக விழும், மிதந்த மீன் அடிப்பக்கம் இறங்கி நின்றபடி ஆடும். இந்தக் கட்டத்தில்தான் இரண்டாவது பெரிய சாவு. விளக்கைத் திடீரென்று போட்டதும் குஞ்சுகள் சுழன்று சுழன்று விழுந்தால் அது கொழுப்பு அமிலக் குறை. ரோட்டிஃபருக்கு முதல் நாளிலிருந்தே டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம் நிறைந்த செறிவூட்டி கொடுத்திருந்தால் இது பெரும்பாலும் வராது. வந்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

நீலவால்

அக்கா, பட்டை விழுவதைப் பற்றி ஒரு சேர்க்கை. அது தைராய்டு ஹார்மோன் வேலை. பாப்புவா நியூ கினியின் கிம்பே வளைகுடாவில் பெர்குலா கோமாளிகளைக் கவனித்தபோது, ஸ்டைக்கோடாக்டைலா ஜைகாண்டியா எனும் கம்பள அனிமோனில் குடியேறிய குஞ்சுகளுக்கு வெள்ளைப் பட்டை சீக்கிரம் வந்தது, ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிகாவில் குடியேறியவற்றுக்குத் தாமதமாக. கம்பள அனிமோன் குஞ்சுகளின் உடலில் தைராய்டு ஹார்மோன் கூடுதலாக இருந்தது. இந்த ஆய்வு 2021இல் வந்தது.

பட்டை வெறும் அழகும் இல்லை. ஒசெல்லாரிஸ் இன்னொரு மீனின் பட்டையைப் பார்த்துத்தான் நம் ஆளா, வேறு ஆளா என்று முடிவு செய்கிறது. ஒக்கினாவாவில் 2024இல் செய்து பார்த்தார்கள். தன்னைப் போலவே மூன்று பட்டை உள்ள மீனைத்தான் அது கடுமையாகத் துரத்துகிறது, பட்டை குறைந்தவற்றை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. தன் அனிமோனில் இடம் பிடிக்க வரக்கூடியது தன் இனம்தானே.

ஜூரோங்குமிழி

அப்படியென்றால் ஜோடி இருக்கும் தொட்டியில் மூன்றாவது ஒசெல்லாரிஸ் விடலாமா? கடலில் ஒரே அனிமோனில் நாலைந்து ஒன்றாக இருப்பதைப் படங்களில் பார்க்கிறோம். அவை அடித்துக்கொள்வதில்லையே?

பவளத்திட்டு

விடாதீர்கள். கடலில் அவை அமைதியாக இருப்பதற்குக் காரணம் தாராள மனசு இல்லை, வரிசை. பீட்டர் பஸ்டன் என்ற ஆய்வாளர் 2003இல் பெர்குலா மீன்களை அளந்து காட்டினார். ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதைவிடக் குறிப்பிட்ட அளவு சிறியதாகவே தன்னை வைத்துக்கொள்கிறது, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. கீழே இருப்பது வேண்டுமென்றே வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. மேலே இருப்பதன் அளவை நெருங்கினால் அனிமோனைவிட்டு விரட்டப்படும், அனிமோனுக்கு வெளியே அது உயிர் பிழைக்காது.

வரிசையின் உச்சியில் பெண். அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆண். மீதி எல்லாம் இன்னும் இரண்டும் ஆகாத சிறுசுகள். பெண் செத்தால் ஆண் பெண்ணாகிறது, மூன்றாவது ஆணாகிறது. நடத்தை சில நாளில் மாறிவிடும், முட்டைப்பை முழுசாக உருவாக மாதக்கணக்கில் ஆகும். ஒருமுறை பெண்ணானது திரும்ப ஆணாகாது. அதனால்தான் இரண்டு வளர்ந்த பெண்ணைச் சேர்த்து விட்டால் ஒன்று சாகும்வரை சண்டை ஓயாது.

கடலில் தோற்ற மீனுக்கு ஓட இடம் உண்டு. 90 செ.மீ. கண்ணாடிக்குள் எங்கே ஓடும்? மேல் மூலையில் பம்புக்குப் பின்னால் துடுப்பு கிழிந்து ஒதுங்கி நிற்கும். இரண்டு நாள் சாப்பிடாது. அதைப் பார்த்துவிட்டு நோய் என்று மருந்து போடுவது வீண், மீனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

புதிதாக ஜோடி சேர்க்க வேண்டுமானால் இரண்டு சிறியவை, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு வித்தியாசத்தோடு வாங்குங்கள். பெரியதற்குப் பெண்ணாகும் வாய்ப்பு. ஏற்கெனவே பெண் ஒன்று தனியாக இருந்தால் சின்னதைத் துளையிட்ட பெட்டியில் போட்டு, ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரு வாரம் தொங்கவிடுங்கள். பெரியது அருகே வரும்போது சின்னது உடம்பைச் சாய்த்துத் தலையிலிருந்து வால்வரை வெடவெடவென நடுங்கிக் காட்டினால் பணிந்துவிட்டது என்று அர்த்தம், திறந்துவிடலாம். நடுங்காமல் நேருக்கு நேர் பக்கவாட்டில் நின்று துடுப்பை விரித்தால் அந்த மீன் இந்தப் பெண்ணுக்குச் சரிவராது. இதைக் கவனிக்காமல் நாள் எண்ணித் திறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நாளை எண்ணாதீர்கள், நடுக்கத்தைப் பாருங்கள்.

ஜூரோங்குமிழி

நன்றி அண்ணே, மூன்றாவதை விட்டுவிடுகிறேன். அதற்குப் பதிலாக நீல டாம்செல் விடலாமென்றால், கடையில் மின்னும் நீலமாக இருந்தது தொட்டிக்கு வந்ததும் கருநீலமாக, கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடுகிறது என்கிறார்கள். சத்துக் குறைவா?

நீலவால்

சத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. ஒசெல்லாரிஸின் ஆரஞ்சு உணவில் வரும் கரோட்டினாய்டிலிருந்து வருகிறது, தீனி மோசமானால் வெளிறும். நீல டாம்செல், அதாவது கிரைசிப்டெரா சயனியாவின் நீலம் சாயமே இல்லை. தோலில் குவானின் படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தகடுகளுக்கு இடையிலான தூரம்தான் எந்த நிறத்தை எதிரொளிப்பது என்று தீர்மானிக்கிறது. அந்தத் தூரத்தை மீனின் நரம்பு மண்டலமே மாற்றும். பயந்தாலோ அடிபட்டாலோ நீலம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும், தெளிந்ததும் திரும்பிவிடும்.

ஆகவே கறுத்த டாம்செல் என்றால் அது மிரண்டிருக்கிறது. ஒளிய ஓட்டை உள்ள கல் இருக்கிறதா, யார் துரத்துகிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாளில் தெளியாவிட்டால் அம்மோனியாவை அளந்து பாருங்கள். நிறம் கூட்டும் தீனி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

சாயமாகவே நீலம் உள்ள பவளத்திட்டு மீன் மாண்டரின், சின்கைரோபஸ் ஸ்ப்ளெண்டிடஸ். முதுகெலும்பு உயிர்களிலேயே நீலச் சாயம் இருப்பது மிக அபூர்வம். மாண்டரினும் அதன் நெருங்கிய உறவான புள்ளி மாண்டரினும் அந்தச் சிலவற்றில் அடங்கும். ஆனால் அது நாள் முழுக்கக் கோப்பிபோட் என்ற நுண்ணிய ஓட்டுயிர்களைப் பொறுக்கித் தின்னும் மீன். ஓராண்டாவது ஓடிய, கல் நிறைந்த தொட்டி இல்லாதவர்கள் வாங்கினால் வயிறு ஒட்டிப் பட்டினியால் சாகும். கடையில் வாங்குமுன் பக்கவாட்டில் பாருங்கள். வயிறு உள்வாங்கி முதுகெலும்பு துருத்தினால் அந்த மீனைத் தேற்றுவது கடினம்.

கல்லுப்பு

வெள்ளைப் புள்ளி நோய்க்குச் சுத்தக்கார மீன் விட்டால் சரியாகும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். லாப்ராய்டெஸ், நீலக் கோடு போட்டது. இது உண்மையா?

அலையாத்தி

இல்லை. அந்த மீன் தின்பது நேத்தியிட் என்ற, தோலின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஒட்டுண்ணி. ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் ஒரு சுத்தக்கார மீன் ஒரு நாளைக்குச் சராசரியாக 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வெள்ளைப் புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் தோலுக்கு அடியில் புதைந்திருக்கும், அதன் வாய்க்கு எட்டாது. நேத்தியிட் இல்லாத வீட்டுத் தொட்டியில் அது மற்ற மீன்களின் சளியைக் கொத்தித் தின்று அவற்றைப் புண்ணாக்கும், தானும் மெலியும். திட்டில் அது செய்யும் வேலை பெரிது, அது அங்கேயே இருக்கட்டும். அந்த மீனை யாரும் வாங்காமல் இருந்தாலே கடைகள் தருவிப்பதை நிறுத்தும்.

வெள்ளைப் புள்ளிக்குத் தனித்தொட்டியில் செப்பு மருந்து. அயனி செப்பு என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், சோதனைக் கருவியால் தினமும் அளந்து. கட்டுண்ட செப்பு வகைக்கு அளவே வேறு, குப்பியில் உள்ளதைப் பின்பற்றுங்கள். இரண்டையும் குழப்பினால் மீன் சாகும். பவளமோ இறாலோ உள்ள தொட்டியில் செப்பு ஒரு துளிகூடப் போகக் கூடாது, உயிர்க்கல்லையும் (நுண்ணுயிர் படிந்த தொட்டிப் பாறை) மருந்துத் தொட்டியில் வைக்காதீர்கள், செப்பை உறிஞ்சி அளவைக் கெடுக்கும்.

கடலில் பிடித்த கோமாளி மீனுக்குப் புள்ளி இல்லாமல் உடம்பெல்லாம் சளித்திரை படர்ந்து, வேகமாக மூச்சு வாங்கினால் அது புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய். செப்பு அதற்குக் கேட்காது, ஃபார்மலின் குளியல்தான். ஒரு நாள் தாமதித்தாலும் மீன் போய்விடும். வாங்கும்போதே வளர்ப்புக் கோமாளியாகக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

தெம்பனிஸ்தொட்டி

மறுபடியும் முட்டை வந்தது. ஏழாம் நாள் கண் வெள்ளி, எட்டாம் நாள் இரவு பொரித்துவிட்டன. சட்டியில் ஒட்டியிருந்தவை எல்லாம் காலி. அக்கா சொன்னபடி ரோட்டிஃபர் வாளி இன்னும் நூறைத் தொடாததால் இந்தத் தடவை பிடிக்கவில்லை.

அடுத்த தடவை தேறினால் நூற்றுக்கு மேல் குஞ்சு மிஞ்சும். அவற்றை என்ன செய்வது? தென்தீவுப் பக்கம் இதே இனம் இருப்பதால் கடலில் விடலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அலையாத்தி

கடலில் விட வேண்டாம். அனுமதியில்லாமல் உயிரினங்களை விடுவது இங்கே சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது. தொட்டியில் பல ஊர் மீன்களோடு பழகிய நோய்க்கிருமியை அது சுமந்து போகும். கடையில் வாங்கிய பெற்றோர் எந்தக் கடலிலிருந்து வந்த வம்சம் என்று யாருக்கும் தெரியாது, நம் திட்டில் இருக்கும் மீன்களின் மரபு கலங்கும். அதற்கும் மேலே, அங்கே இருக்கும் ஒவ்வொரு அனிமோனிலும் மேலே பவளத்திட்டு எழுதிய வரிசை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. விட்ட மீனை உள்ளே சேர்க்காது, வேறொன்று தின்றுவிடும்.

தென்தீவு மீன்களுக்கு ஏதாவது செய்ய விரும்பினால் அனிமோனைக் காக்க வேண்டும். 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் கடல் சூடாகி இங்கே பவளம் வெளுத்தது. அனிமோனும் பவளத்தைப் போலவே வெளுக்கும். மூரியாவில் அனிமோன் வெளுத்தபோது அதில் வாழ்ந்த கோமாளி மீன்களுக்கு அழுத்த ஹார்மோன் ஏறி, பொரிக்கத் தகுந்த முட்டைகளின் எண்ணிக்கை 73 விழுக்காடு குறைந்ததை 2017இல் பதிவு செய்தார்கள். சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவில் வற்றுநீர் நடைக்குப் போனால் மணலில் மட்டும் கால் வையுங்கள். கம்பள அனிமோன் சுருங்கிக் கிடக்கும்போது மண்ணோடு மண்ணாகத் தெரியும். கணுக்கால் அளவு நீரில் அதன் மடிப்புக்குள் ஒசெல்லாரிஸ் படுத்துக்கொண்டு ஏற்றநீருக்குக் காத்திருக்கும்.

ரோட்டிஃபர்வாளி

மிஞ்சிய குஞ்சுகளுக்கு வழி இருக்கிறது தம்பி. முதல் மாதம் முடிந்ததும் 60 லிட்டருக்கு மாற்றி, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பொடித்த தீனியும் உறையவைத்த மைசிஸ் (சின்ன இறால் போன்ற உயிர்) தூளும் கொடுங்கள். கூட்டமாக வையுங்கள். பத்துக்குக் கீழே பிரித்து வைத்தால் ஒன்று பெண்ணாகும் முனைப்பில் மற்றவற்றைக் கடிக்கத் தொடங்கும், நெரிசலில் அந்தச் சண்டை அமுங்கிவிடும். மூன்று, நான்கு மாதத்தில் இரண்டரை செ.மீ. வரும். அந்த அளவை வளர்ப்பு மீன் விற்கும் கடைகள் எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் காசுக்குப் பதில் உப்பு, தீனி என்று கணக்கு வைப்பார்கள்.

கொடுக்கும்முன் தாடையும் செவுள் மூடியும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். செவுள் மூடி குட்டையாகி உள்ளே சிவப்பு தெரிந்தாலோ கீழ்த்தாடை வளைந்திருந்தாலோ அந்த மீனை விற்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து ஜோடியும் சேர்க்காதீர்கள். பட்டை பாதியில் நின்றது மட்டும்தான் குறை என்றால் அது ஆரோக்கியமான மீன், தாராளமாகக் கொடுக்கலாம்.

வாளி நூறைத் தொட்டதும் எண்ணிக்கையை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.